சுரங்கத்துக்கு இங்கே மழை, அங்கே வெயில்: ஹட்டனிலிருந்து பதுளைக்கு ஆறு நாள்

முதல் நாள்: ஹட்டன்

ஆகஸ்ட் முதல் வாரம், ஆடி மாதத்தின் நடு. காலை ஆறரைக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் கறுப்புக் குடைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. நேற்று மாலை நாலு மணிக்குப் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. "நோர்வூட், மஸ்கெலியா... உள்ளுக்குப் போங்க அண்ணே, உள்ளுக்குப் போங்க" என்று நடத்துநர் கத்துகிறார். பஸ்ஸுக்குள் கண்ணாடியெல்லாம் மூடி, மூச்சு படிந்து, வெளியே எதுவும் தெரியாது. ஊர்க்காரர்கள் வளைவுகளை எண்ணியே இறங்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

மலையகத்துக்கு எந்த மாதம் வரலாம் என்று கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேட்கிறார்கள். மாதத்தை மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். மலையின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மோதிக் கொட்டுகிறது. அதே நாட்களில் பண்டாரவளையில் தண்ணீர்த் தாங்கி காய்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று வரும்போது பதுளை, பசறை நனையும். ஹட்டனில் வானம் நீலமாக இருக்கும். இடையிலுள்ள மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் இரண்டு பக்கமும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னலோடு மழை. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. பண்டாரவளைக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. இரண்டு ஊரும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. இந்த வாரம் அந்தப் பாதையில்தான் பயணம்.

ஹட்டன் 1,271 மீற்றர் உயரத்தில், மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஆடியில் இங்கே ஓய்வே இல்லாதவர் குடை திருத்துபவர். முன்னால் ஒரு பலகை, அதில் குறடு, சிறு சுத்தியல், கம்பிச் சுருள், பழைய குடைகளிலிருந்து கழற்றிய உறுப்புகள். அவரிடம் வரும் குடைகளில் துணி கிழிந்தவை குறைவு. அதிகமாக வருவது உச்சிக் கட்டு அறுந்தவை. குடையின் எட்டுக் கம்பிகளும் உச்சியில் ஒரு வளையத்தில் சேரும். அந்த எட்டையும் நூல் போன்ற ஒரு மெல்லிய இரும்புக் கம்பி கோர்த்துப் பிடித்திருக்கிறது. ஈரக்குடையைச் சுருக்கி, முனை கீழே படும்படி மூலையில் சாய்த்து வைத்தால், துணியிலுள்ள தண்ணீர் முழுவதும் வழிந்து அந்தக் கட்டில்தான் தங்கும். இரண்டு மாதத்தில் துரு தின்றுவிடும். பிறகு ஒரு காற்றில் எட்டுக் கம்பியும் ஒன்றாகக் கழன்று கையில் வரும். அவர் அந்த இடத்தில் பித்தளைக் கம்பி கட்டிக் கொடுக்கிறார். அது துருப்பிடிக்காது. வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது: குடையைப் பாதி விரித்துப் பிடி கீழே, முனை மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள், மாதம் ஒரு முறை தண்டில் ஏறி இறங்கும் வளையத்தில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். ஒரே குடை மூன்று ஆடியைத் தாண்டும்.

துணி காய்வதுதான் இந்த ஊர் வீடுகளின் பெரிய கவலை. பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீட்டில் மூன்று சோடி வெள்ளை உடுப்பு வேண்டும், இரண்டு போதாது. பிழிந்த துணியை உலர்ந்த துவாயில் சுருட்டி முறுக்கினால் மீதி ஈரத்தில் நல்ல பங்கு துவாய்க்குப் போய்விடும். அதன்பின் கொடியில் துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டுப் போட்டு, மின்விசிறியைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். விறகடுப்புக்கு மேலே கட்டினால் சீக்கிரம் காயும், ஆனால் புகை மணம் போகாது. வெள்ளைச் சட்டையில் வரும் கறுப்புப் புள்ளி அழுக்கில்லை, பூஞ்சணம். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மடித்து அலுமாரியில் வைப்பதால் வருவது. ஒரு தடவை பிடித்தால் சவர்க்காரத்துக்கு மசியாது. நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் விறைத்துவிடும், அடிப்பாகத்தின் பசையும் விடும். உப்புப் போத்தலுக்குள் ஒரு பிடி வறுத்த அரிசி, தீப்பெட்டிக்கு மூடியுள்ள தகரப் பேணி. இவை ஹட்டன் குசினியில் மே மாதத்தோடு இடம்பிடித்துவிடும்.

"ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதை இங்கே கூரையைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். தோட்டத்து லயங்களின் (வரிசை வீடுகளின்) தகரங்கள் மேல் மணல் மூட்டையும் கல்லும் பழைய டயரும் கிடக்கின்றன. அவசரத்துக்கு அது சரி. ஆனால் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்போது ஆணித் துளை பெரிதாகி, ஒழுக்கு அங்கேதான் தொடங்கும். நெளிதகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. ஆணித் தலைக்குக் கீழே ரப்பர் வாசர் கட்டாயம். பக்கவாட்டில் இரண்டு நெளி அளவாவது ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். ஏறும் விளிம்பு தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டியபடி இருக்கட்டும். எதிரே பார்த்தால் காற்று விரலை விட்டுப் பிரிப்பது போல் பிரித்துவிடும். இந்த வேலை ஏப்ரலில், வருடப் பிறப்புக்கு முன் முடிய வேண்டும்.

இரண்டாம் நாள்: ஹட்டன் – தலவாக்கலை

மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித் தோட்டச் சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிறு ஹட்டன் பிரதான வீதியில் நடக்க இடமிருக்காது. பொகவந்தலாவை, டிக்கோயா, மஸ்கெலியா, கொட்டகலை என்று சுற்றியுள்ள தோட்டங்கள் அனைத்துக்கும் இதுதான் கடைத்தெரு. வேலையை முடிக்க வருபவர்கள் அந்த ஞாயிறைத் தவிர்த்துச் செவ்வாய், புதனில் வரலாம். அதே கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வாருங்கள். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்திருப்பார்கள், நடைபாதையெங்கும் துணிக் குவியல். அது ஒக்டோபர்–நவம்பர் என்பதால் காலை பத்து மணிக்குள் வாங்கி முடியுங்கள். இரண்டு மணிக்கு வானம் கறுத்துவிடும்.

சிவனொளிபாதமலைக்குப் போக நினைத்து ஆடியில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. அந்த மாதங்களில் இரவு ரயிலில் வந்து ஹட்டனில் இறங்குபவர்களுக்கு மலையடியிலுள்ள நல்லதண்ணிக்கு பஸ் இருக்கும், வழியெங்கும் விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். இப்போது விளக்கில்லை, கடையில்லை; 2,243 மீற்றர் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். இந்த மாதம் ஏற வேண்டாம்.

மழைக்காலத்தில் மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் கவனிக்கும் எண்கள் மூன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம். 100 தாண்டினால் புறப்படத் தயார். 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டியதுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவது இந்தக் கணக்கில்தான். மழைமானி இல்லாத வீட்டில், பக்கம் நேராக நிற்கும் ஒரு தகரப் பேணியை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். பேணியில் ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 75 மில்லிமீற்றர் மழை. வாய் அகன்று அடி ஒடுங்கிய வாளி பொய்க் கணக்குக் காட்டும்.

எண்ணை விட முந்திச் சொல்பவை வீட்டைச் சுற்றியுள்ள அடையாளங்கள். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இறுகுகிறது. சுவரில் சாய்வாக வெடிப்பு. நிலத்தில் வில் போல வளைந்த பிளவு. மரமும் மின்கம்பமும் ஒரு பக்கம் சாய்கின்றன. தெளிந்து ஓடிய பீலித் தண்ணீர் (மலையூற்றுத் தண்ணீர்) கலங்குகிறது, அல்லது திடீரென்று நின்றுவிடுகிறது. கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது. வர வேண்டிய தண்ணீர் மலைக்குள்ளேயே தேங்குகிறது என்று பொருள். மேல் பக்கத்துக் கானில் (வடிகாலில்) இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்தால் தண்ணீர் கானை விட்டு மண்ணுக்குள் இறங்கும், மண் கனத்துச் சரியும். அதனால்தான் ஏப்ரல் முடிவதற்குள் கான் வாருங்கள் என்று பெரியவர்கள் விடாமல் சொல்கிறார்கள். அனர்த்தத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. போனில் பதிந்து வைத்திருங்கள்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம், 562 மீற்றர் நீளம். பழைய பெட்டிகளில் ஜன்னல் திறந்திருந்தால் டீசல் புகை உள்ளே வந்து அடைக்கும். சத்தம் மாறியதும் மூடிவிடுங்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் ஊரின் காலடியில் கிடக்கிறது. பெருமழையில் வான்கதவைத் திறப்பார்கள். சைரன் கேட்டால் ஆற்றோரத்தில் துணி துவைப்பவர்களும் குளிப்பவர்களும் அந்த நிமிடமே மேலே ஏறிவிட வேண்டும். சென் கிளயார் நீர்வீழ்ச்சி அந்த நாட்களில்தான் பழைய பருமனுக்கு வரும்.

சுற்றிலும் தேயிலை மலைகள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கொங்காணிப் போர்வை போட்டு, மழையிலேயே கொழுந்து பறிக்கிறார்கள். இந்தப் பக்கம் இப்போது கொழுந்து நிறைய, ருசி குறைவு. ஈரத்தில் இலை வேகமாக நீள்கிறது, மணம் கூடுவதற்கு நேரமில்லை. கொப்புள நோயும் இந்த மாதங்களில்தான் வரும். தளிரில் எண்ணெய் பட்டது போல் ஒரு புள்ளி, பிறகு இலையின் அடிப்புறம் வெள்ளையாகப் பொங்கும். கொழுந்து நனைந்திருப்பதால் தொழிற்சாலையில் வாட்டம் (இலையின் ஈரத்தைப் போக்கும் வேலை) இழுத்தடிக்கும், விறகுச் செலவு ஏறும். நிறுவையிலும் ஈரத்துக்கென்று கழிக்கிறார்கள். எவ்வளவு ஈரம் என்று அளக்காமல் கண் மதிப்பில் கிலோ கணக்கில் கழிப்பது நியாயமே இல்லை. நாள் முழுக்க நனைந்தவரின் கூலிதான் அங்கே குறைகிறது.

மூன்றாம் நாள்: நுவரெலியா

நானுஓயாவில் இறங்கி சுமார் 8 கிலோமீற்றர். சொந்த வண்டியில் ரம்பொடைப் பக்கமோ ரதல்லைக் குறுக்கு வீதியிலோ இறங்குபவர்கள் இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கருகிய மணம் வரும், பிறகு மிதி இறங்கும், வண்டி நிற்காது. மணம் வந்தவுடன் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். பனிமூட்டத்தில் பெரிய விளக்கு போட்டால் வெளிச்சம் முகத்துக்கே திரும்பி வரும். தாழ்ந்த விளக்கும் மஞ்சள் விளக்கும்தான் உதவும்.

ஊர் 1,868 மீற்றர் உயரம். பகலிலும் சுவெட்டர் வேண்டும். கொண்டுவராதவர்கள் குளிர் உடுப்பு விற்கும் பேல் பசாரில் வாங்கலாம். வாங்குமுன் கக்கத் தையலையும் சிப்பையும் இழுத்துப் பாருங்கள், கையிருப்பில் நாள்பட்டது அங்கேதான் விடும்.

இங்கே புதிதாகக் குடிவருபவர்களைத் திகைக்க வைப்பது அடுப்பு. தண்ணீர் கொதிக்கிறது, பருப்பு வேகவில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, 300 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96, பதுளையில் 98. அந்த நாலு பாகைக்காகக் கடலை, பயறு எல்லாம் அரை மணி நேரம் கூடக் கேட்கின்றன. கடலையை இரவே ஊறப்போட்டு பிரஷர் குக்கரில் வைப்பதுதான் எரிவாயுவுக்கும் நல்லது. அடுப்பைக் கூட்டி வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர சூடு கூடாது. தேத்தண்ணிக்கும் இதே சங்கதி: கேத்தலைச் சுடுதண்ணீரால் ஒரு முறை அலசிவிட்டு, கொதி நிற்குமுன் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். குளிர்ந்த கேத்தலில் ஊற்றினால் 94 என்பது 85க்கு இறங்கி, சாயம் இறங்காமல் வெறும் கலங்கல் தண்ணீர்தான் கிடைக்கும்.

மாலையில் தோட்டக்காரர்கள் கரட் கழுவுவதைப் பார்க்கலாம். பிடுங்கிய கரட்டைச் சீமெந்துத் தொட்டியில் கொட்டி, காலால் மிதித்துப் புரட்டி, மண் போனதும் அள்ளி, முறிந்ததையும் வெடித்ததையும் வேறாக்கிச் சாக்கில் கட்டுகிறார்கள். வெடிப்பதற்குக் காரணம், காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று பெருமழை விழுந்து கிழங்கின் உட்பகுதி தோலை விட வேகமாகப் பருப்பது. கழுவிய கரட் பளபளப்பாக இருக்கும், ஆனால் தோல் உரசுப்பட்டதால் சீக்கிரம் அழுகும். வீட்டுக்கு வாங்குபவர்கள் மண்ணோடு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். லீக்ஸ் வாங்கும்போது வெள்ளைத் தண்டு ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். செடி வளர வளர மண் அணைத்தவரின் பாத்தியில்தான் அந்த நீளம் வரும். மழை தொடர்ந்து ஒரு வாரம் அடித்தால் கோவாவும் லீக்ஸும் அடியில் அழுகத் தொடங்கும். அதன் விலை கொழும்பில் தெரிய மூன்று நாள் போதும்.

நான்காம் நாள்: நுவரெலியாவின் மற்ற மாதங்கள்

இன்று விடாத தூறல். விக்டோரியா பூங்காவுக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் பேச்சு தை மாதத்துக்குப் போகிறது. ஜனவரி, பெப்ரவரியில் இதே ஊரில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் முகில் இல்லாததால் நிலத்தின் சூடு முழுவதும் மேலே போய்விடும். அப்படி முகிலும் காற்றும் இல்லாத இரவுக்கு அடுத்த விடியலில்தான் உறைபனி. குளிர்காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு வழியும். அதனால் குதிரைப் பந்தயத் திடல், சீத்தாஎலிய, கந்தப்பளை, அம்பேவெல போன்ற இடங்களின் தாழ்ந்த பகுதிகள் வெளுக்கும். அவற்றுக்கு மேலே சரிவிலிருக்கும் வீட்டு முற்றம் பச்சையாகவே இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்குத் திடலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்புத் தூள் போல நிற்கும், கால் வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்கும். ஏழரைக்குள் கரைந்துவிடும்.

அழகைப் பார்ப்பவர்களுக்கு அது அரை மணி நேரம், தோட்டக்காரருக்கு ஒரு போகம். உருளைக்கிழங்கு இலை உறைந்து, அதன்மேல் வெயில் நேரே பட்டால் பத்து மணிக்குள் வெந்நீர் ஊற்றியது போல் கறுத்துவிடும். அதனால் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுகிறார்கள். எட்டு மணிக்குத் தெளிப்பதால் பயனில்லை. தேயிலையிலும் கொழுந்து கருகும், துளிர்க்க வாரங்கள் எடுக்கும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற சொல்லுக்கு இலங்கையில் பொருத்தமான ஊர் இதுதான். இதே வறண்ட குளிரில்தான் மேற்குப் பக்கத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளை (ஹட்டன், தலவாக்கலைப் பக்கம்), நுவரெலியாத் தேயிலையை வாங்கிக் குடித்துவிட்டு ஆடித் தேயிலையைக் குடித்துப் பாருங்கள், நாக்குக்கே வித்தியாசம் தெரியும்.

ஏப்ரல் வேறு கதை. வருடப் பிறப்பை ஒட்டி வசந்தகாலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம். அறை வாடகை பல மடங்கு, கிரகரி வாவியைச் சுற்றி வண்டிகள் நகராது. ஊர்க்காரர்கள் காலை எட்டு மணிக்குள் சந்தையை முடித்துவிட்டு வீட்டுக்குள் இருப்பார்கள். 13, 14ஆம் திகதிகளைச் சுற்றி நாலைந்து நாள் கடைகளும் பஸ்களும் குறைவு. மருந்து தேவைப்படுபவர்கள் ஒரு வாரத்துக்கு முன்னரே வாங்கி வைக்க வேண்டும். ஊரை அமைதியாகப் பார்க்க விரும்புபவருக்கு என் தேர்வு பெப்ரவரி.

ஐந்தாம் நாள்: பட்டிப்பொல – ஓஹியா – ஹப்புத்தளை

முன்பதிவு ஆசனங்கள் 30 நாளுக்கு முன் திறந்த கையோடு தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் மூன்றாம் வகுப்புச் சாதாரண டிக்கெட்டை நிலையத்திலேயே எடுக்கலாம். மழை மாதத்தில் புறப்படும் காலையே நிலையத்துக்குப் போன் போட்டுப் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மண் விழுந்தால் ரயில் நடுவழியில் நின்றுவிடும்.

நானுஓயாவை விட்டதும் மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி தொங்குகிறது. அம்பேவெலயில் பசும் புல்வெளி, பால் பண்ணை, காற்றாலைகள். இறகுகள் முகிலுக்குள் போய் வருகின்றன. பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், ஏறக்குறைய 1,890 மீற்றர். மேடை முழுக்க ஈரம், நிலைய ஊழியர் கம்பளிக் குல்லாயோடு நிற்கிறார். பெட்டிக்குள் எல்லோரும் ஜன்னலை மூடியிருக்கிறார்கள்.

பிறகு, ஓஹியாவுக்கு முன், சுரங்கம். உள்ளே நுழையும்போது கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் அந்தக் கோடுகள் மேல் வெயில் விழுந்தது. எதிர்ச் சீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து ஜன்னலைத் தூக்கிவிட்டார், வருடக்கணக்காகப் போய்வருபவர். பின்னால் திரும்பிப் பார்த்தால் மலை முதுகைத் தாண்டி முகில் வழிந்து இறங்குகிறது. சட்டியில் பால் பொங்கி விளிம்பைத் தாண்டுவது போல இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே ஒன்றுமில்லாமல் கரைந்துவிடுகிறது. ஏறும்போது ஈரக்காற்று 100 மீற்றருக்கு அரைப் பாகை அளவில்தான் குளிர்கிறது, மழையாக எல்லாவற்றையும் மேற்கே கொட்டிவிடுகிறது. இறங்கும்போது உலர்ந்த காற்றாக 100 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடேறுகிறது. ஏறிய கணக்கும் இறங்கிய கணக்கும் ஒன்றாக இல்லாததால் ஊவாவுக்கு (பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு) வரும்போது அது வேறு காற்று. இன்னும் கீழே மட்டக்களப்பில் கச்சான் காற்று என்பது இதைத்தான். எல்லா நாளும் இவ்வளவு துல்லியமாகக் கோடு விழாது. காற்று தளர்ந்த நாளில் ஓஹியாவிலும் தூறும். ஆனால் ஆடியில் பத்து நாளில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான்.

இதல்கஸ்ஹின்னவில் பாதை மலை முதுகின் மேலேயே ஓடுவதால் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. ஹப்புத்தளை, 1,431 மீற்றர், ஒரு கணவாயின் வாய். காற்று கடைத்தெருவுக்குள் நுழைந்து நேரே தெற்குச் சரிவால் இறங்குகிறது; கடைக்காரர்கள் திரைச் சாக்கின் அடியில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் தெற்கே சமவெளி கண்ணுக்கெட்டும் வரை விரியும். பதினொன்றுக்கு மேல் கீழிருந்து முகில் ஏறி மூடிவிடும். காட்சிக்காக வருபவர்கள் முந்திய இரவே இங்கே தங்குவது நல்லது.

இப்போது ஊவாத் தேயிலைக்குப் பருவம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த வறண்ட காற்று செடியை வாட்டுகிறது. வளர்ச்சி மந்தம், கொழுந்து கொஞ்சம், ஆனால் புதினா கலந்தது போன்ற ஒரு மணம் ஏறுகிறது. எந்த ஊர்த் தேயிலைக்கும் நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான். தலவாக்கலையில் வாட்டத்துக்குச் சூடான காற்று ஊதுகிறார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும். ஒரு நாள் ரயில் தூரத்தில் ஒரே செடி இப்படி இரண்டாகிறது.

ஆறாம் நாள்: பண்டாரவளை – பதுளை

பண்டாரவளை ஞாயிறு சந்தை காலை ஏழிலிருந்து பத்து வரை நன்றாக இருக்கும். பேரிக்காய், பட்டர்புரூட், போஞ்சி, வெலிமடை உருளைக்கிழங்கு. இந்தப் பக்கம் மழைப் போகத்தில் நெல் விதைத்த அதே வயலில் இப்போது உருளைக்கிழங்கு நடுகிறார்கள். சேற்று வயலை வரம்பு உயர்த்திப் பாத்தியாக்கி, வாய்க்காலில் தண்ணீர் விட்டு வளர்ப்பது பெரும் உழைப்பு. கிழங்கு வாங்கும்போது பச்சை படர்ந்ததை ஒதுக்குங்கள். வெயில் பட்டதால் வருவது, கசக்கும், வயிற்றுக்கும் ஆகாது.

இங்கத்தைய ஆடிக் கவலை தண்ணீர். பீலி மெலிந்துவிடும், குழாய் முறை வைத்து வரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1,000 லீற்றர்த் தாங்கி இருந்தால் இரண்டு நாள் தாங்கும். தாங்கியின் அடியில் வண்டல் இருக்கும்போது தண்ணீர் வற்றவிட்டால் அது குழாயை அடைக்கும். மே மாதத்திலேயே கழுவிவிட வேண்டும். மானாப்புல் காய்ந்து வைக்கோலாகக் கிடப்பதால் ஒரு சுருட்டுத் துண்டே மலையை எரிக்கப் போதும். எரிந்த மலையில் ஒக்டோபர் மழை விழும்போது மண் நிற்காது. ஊவாவின் மண்சரிவுக் காலம் அப்போது தொடங்கி ஜனவரி வரை நீளும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 காலையில். இரண்டாம் நாளில் சொன்ன அடையாளங்களை இந்தப் பக்கத்தார் ஐப்பசியில் பார்க்க வேண்டும், ஹட்டன்காரர் வைகாசியில்.

எல்ல தாண்டியதும் பாதை இறங்குகிறது. தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றித் தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகும். பதுளை 680 மீற்றர், வேர்க்கிறது. சுவெட்டரைக் கழற்றிப் பைக்குள் அடியில் வைத்துவிடாதீர்கள். திரும்பும் ரயிலில் ஓஹியாவைத் தாண்டுமுன் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், குடையும் அதன் மேலே.